மூன்று விசில் நேரம்

"வயது 57. அரசுப் பள்ளி ஆசிரியை, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன், வலது முழங்காலில் வலி. வீட்டில் 81 வயது மாமியார். காலை நாலரைக்கு எழுந்தால்தான் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு தை மாதமும் வாக்கிங் ஆரம்பிக்கிறேன், மாசியைத் தாண்டுவதில்லை. மகன் டிரெட்மில் வாங்கித் தருகிறேன் என்கிறான். இந்த வயதில் உடற்பயிற்சியை எப்படித்தான் தினசரி வழக்கமாக்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டீச்சர், முப்பது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி பார்க்கிறேன். எனக்கும் உங்கள் வயதுதான், இரண்டு கூட. இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நாளில் எங்கேயோ ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று தேடுகிறார்கள். உங்கள் நாளில் அப்படி ஒரு மணி நேரம் கிடையாது. "மனசு வைத்தால் முடியும்" என்று சொல்பவர்கள் காலையில் யாரோ போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பார்க்குக்குப் போகிறவர்கள்.

அந்த ஒரு மணி நேரம் தேவையும் இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படியான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2010ல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் அது கணக்கில் சேரும் என்று இருந்தது. 2020ல் புதுப்பித்தபோது அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடமும் கணக்குதான். மாடிப்படி ஏறுவதும் கணக்குதான்.

அதே வழிகாட்டியில் நம்மவர்கள் யாரும் பேசாத ஒரு வரி உண்டு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுக்கூட்டும் பயிற்சி வேண்டும், 65க்கு மேலே போனால் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும் என்பதுதான் அது. நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் வாக்கிங், வாக்கிங் என்றால் உடற்பயிற்சி. நான் வாக்கிங்குக்கு எதிரி இல்லை. ஆனால் அது பாதிதான்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். 66 வயது. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இடுப்பு வலி என்று வந்தவரைப் பரிசோதித்து முடித்ததும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். உடம்பை முன்னால் ஆட்டினார், மறுபடி ஆட்டினார், மூன்றாவது ஆட்டத்தில்தான் எழுந்தார். அரை நிமிடத்தில் ஏழு முறைக்கு மேல் முடியவில்லை. "நான் தினம் நடக்கிறவன் சார்" என்றார், ஏதோ நாற்காலிதான் ஏமாற்றிவிட்ட மாதிரி.

காரணம் எளிது. முப்பது வயதைத் தாண்டியதும், பத்து வருடத்துக்கு நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டுப் பங்கு வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். முதலில் மெலிவது சட்டென்று விசை கொடுக்கும் தசை நார்கள். தடுக்கியதும் காலை எட்டி வைத்து விழாமல் நிற்பது, பஸ் படியில் உந்தி ஏறுவது, தரையிலிருந்து எழுவது எல்லாம் அவற்றின் வேலை. சமதளத்தில் நிதானமாக நடக்கும்போது அந்த நார்களுக்கு அவ்வளவாக வேலையே வருவதில்லை. வேலை இல்லாதவனுக்குச் சம்பளம் தர உடம்பு தயாராக இல்லை, கரைத்துவிடுகிறது.

நம் வீடுகளில் முன்பு அந்த வேலை தானாக நடந்தது. தரையில் இலை, தரையில் படுக்கை, குந்தி உட்காரும் கழிப்பறை, வாசலில் குனிந்து கோலம். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை தரைவரை போய் எழுந்தார்கள். இப்போது டைனிங் டேபிள், கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட். தரைக்கும் நமக்கும் சம்பந்தமே விட்டுப்போய்விட்டது. இதைச் சொன்னால் உடனே "அந்தக் காலத்தில் அம்மி அரைத்தார்கள், ஆட்டுக்கல் ஆட்டினார்கள், ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பாட்டை நான் பாடமாட்டேன். என் பாட்டி ஆட்டுக்கல்லோடு மாரடித்து, ஐம்பத்தைந்து வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். மிக்ஸி வந்தது நல்லதுதான். எழுந்து உட்காரும் வேலையை மட்டும் நாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். கை வைக்காத, உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, பாதங்களைத் தரையில் பதித்து, முழுதாக எழுந்து நின்று உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை என்று மகனை எண்ணச் சொல்லுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கு 12க்குக் கீழே வந்தால் சராசரிக்கும் குறைவு. உங்களுக்கு 57தான், அதற்கு மேலேயே வர வேண்டும். வராவிட்டாலும் பதற வேண்டாம். முழங்கால் வலியால் எழவே முடியவில்லை என்றால் அதுவும் ஒரு விடைதான், அப்படியே குறித்துவையுங்கள்.

குறைந்த எண்ணைக் கூட்ட முடியுமா என்றால், முடியும். 1990ல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயதுக்குட்பட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முழுதாக முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில் கூடுகிறது என்றால் நம் வயதுக்கு என்ன கேடு?

சரி, எங்கே நுழைப்பது? உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றில் கட்டிவிடுங்கள். என் யோசனை, குக்கர். அரிசியைக் களைந்து போட்டு அடுப்பை ஏற்றியபின் மூன்று விசில் வரும்வரை பத்து நிமிடம் போல ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் காய் நறுக்குகிறீர்கள், எனக்குத் தெரியும். அதில் நாலு நிமிடம் கொடுங்கள். சமையலறை வாசலில் ஒரு நாற்காலி எப்போதும் கிடக்கட்டும். எட்டு முறை எழுந்து உட்காருங்கள். ஒரு நிமிடம் காய் நறுக்குங்கள். மறுபடி எட்டு. முடிந்தது. முதல் மாதம் இவ்வளவுதான். வேறெதையும் சேர்க்காதீர்கள், வாக்கிங் உட்பட.

எழும்போது விசையாக எழுங்கள். உட்காரும்போது மனதுக்குள் நாலு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போய்விட்டது. இறங்கும்போது தொடைத் தசை பிரேக் பிடிக்கிறதே, அந்தப் பிரேக்தான் நாளைக்கு மாடிப்படி இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றும். முழங்கால் கட்டைவிரல் பக்கம் உள்ளே மடங்காமல், பாதத்தின் நடுவிரல் திசையில் போக வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு தடவை செய்து பார்த்தால் புரிந்துவிடும். வலித்தால் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டு சுலபமானதும் பத்தாக்குங்கள், அப்புறம் தலையணையை எடுங்கள், அதற்கும் அப்புறம் கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். பாட்டில் பிடிக்கும் கட்டம் வந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், தசைக்கு ஆற நேரம் வேண்டும்.

இரண்டாவது மாதம் பால். பால் பொங்கும்வரை எப்படியும் அங்கேயே நிற்கத்தான் வேண்டும். அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி, சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குங்கள், இருபது முறை. கெண்டைக்காலுக்கு அது. ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை மட்டும் அடுப்படியில் வேண்டாம். அதற்கு வாஷ்பேசின் இருக்கிறது. பல் தேய்க்கும்போது இடது கையால் பேசினைப் பிடித்துக்கொண்டு பாதி நேரம் ஒரு கால், பாதி நேரம் மறு கால். பழகப் பழகக் கையை ஒரு விரலாகக் குறைக்கலாம். தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இனி முழங்கால். "தேய்ந்துவிட்டது, நடக்காதீர்கள், ஏறாதீர்கள்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அநேகமாக ஒரு எக்ஸ்ரேயைக் காட்டி. இந்த ஒரு வாக்கியம் கெடுத்த கால்கள் எத்தனையோ. மூட்டுத் தேய்மானத்துக்கு இன்று உலகெங்கும் முதலில் சொல்லப்படும் சிகிச்சையே உடற்பயிற்சிதான். மூட்டின் மேல் இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது முன்தொடைத் தசை. அது மெலிந்தால் அத்தனையும் எலும்பின் மேல் போகிறது. பயந்து நடக்காமலிருந்தால் தசை இன்னும் மெலியும், வலி இன்னும் கூடும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமை குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம் என்பதற்கு நான் நோயாளிகளிடம் சொல்லும் கணக்கு இது. பயிற்சியின்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலை எழுந்து முதல் பத்தடி வைக்கும்போது வழக்கமான வலியைவிடக் கூடவில்லை என்றால், நேற்றுச் செய்த அளவு சரி. கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முதல் மாதம் தாண்டியதும் நடையைச் சேர்க்கலாம், சர்க்கரைக்கு அது நல்லது. ஆனால் எப்போது நடக்கிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் நேரத்தில் நடந்தால் அந்த இழுப்பு சரியான சமயத்துக்கு உதவும். அதனால்தான் இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் நடப்பதை, காலை வாக்கிங்கை விடப் பெரிதாக நான் சொல்வேன். உங்களுக்கு வேறு வழியும் இல்லை, காலை உங்களுடையது அல்ல. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் எழ மனம் வராது. எனவே தட்டைக் கழுவி வைத்த கையோடு படியேறிவிடுங்கள். சீரியல் ஓடிப்போகாது.

நீங்கள் எடுக்கும் மாத்திரை கிளிமிபிரைடு வகையா, மெட்பார்மின் மட்டுமா என்று பாருங்கள். முதல் வகையும் இன்சுலினும் சர்க்கரையைத் தாழ்த்திவிடக் கூடியவை. நடையைக் கூட்டும்போது கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும், அப்புறம் மாத்திரையின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். மாடியில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். படுக்கப் போகும்முன் பாதத்தின் அடியை விளக்கு வெளிச்சத்தில் ஒரு பார்வை பாருங்கள்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த எண் மருத்துவத்திலிருந்து வந்ததே அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு, 1965ல் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டார்கள். அதற்கு வைத்த பெயருக்கே 'பத்தாயிரம் அடி மானி' என்றுதான் பொருள். பெயர் ஒட்டிக்கொண்டது. 2019ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதான பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களிடம் எடுத்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பலன் அதற்கு மேல் கூடாமல் நின்றுவிட்டது. வகுப்புக்கு வகுப்பு நடக்கும் ஆசிரியைக்கு 4,000 பள்ளியிலேயே கிடைத்துவிடும். ஸ்டாஃப் ரூம் மாடியில் இருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று நினையுங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில். கைப்பிடியைப் பிடிப்பதில் வெட்கம் வேண்டாம்.

எட்டுப் போட்டு நடப்பதைப் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். பார்க்குகளில் தரையில் எட்டு வரைந்தே வைத்திருக்கிறார்கள். அது சர்க்கரையை விரட்டும், தைராய்டை விரட்டும் என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம். அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் சமநிலைக்கு நல்லது, ஐப்பசி மழையில் ஹாலுக்குள்ளேயே நடக்கலாம். அவ்வளவுதான் அதன் மகிமை. தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். யோகா தெரிந்தால் தாராளமாகச் செய்யுங்கள். கோவை நானம்மாள் தொண்ணூற்றெட்டு வயதில் பத்மஸ்ரீ வாங்கியது அதற்காகத்தான். ஆனால் அவர் சின்ன வயதிலிருந்தே செய்தவர். நாம் 57ல் யூடியூப் பார்த்து வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் முழங்கால் சும்மா இருக்காது.

இப்போது தை, மாசி விவகாரத்துக்கு வருகிறேன். நீங்கள் விட்டுவிடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. இடையில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், பொதுத்தேர்வு வேலை என்று ஏதாவது வரும். நாலு நாள் விட்டதும் "போச்சு, கெட்டுப்போச்சு" என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது. லண்டனில் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படிப் படிகிறது என்று பார்த்தார்கள். 21 நாளில் படியும் என்று மேடையில் பேசுவார்களே, அப்படி இல்லை. சராசரியாக 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியதால் யாருக்கும் பழக்கம் கெட்டுவிடவில்லை. தை முதல் தேதியில் ஆரம்பித்தால் பங்குனி தொடங்கும்போதுதான் ஓரளவு ஊறும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் வாசல்படி வரை வந்து திரும்பிப் போயிருக்கிறீர்கள்.

காய்ச்சலில் படுத்து எழுந்தபின் மட்டும் கவனம். 1966ல் அமெரிக்காவின் டாலஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்து அவர்களின் இதயத் திறனை அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், படுக்கைக்கு முன்பு இருபது வயதில் இருந்த அளவையே எட்டினார்கள். சிக்குன்குனியாவோ டெங்குவோ வந்து பத்து நாள் படுத்தால் "உடம்பு ஒரேயடியாகத் தளர்ந்துவிட்டது, வயசாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அது முக்கால்வாசி படுக்கை செய்த வேலை. காய்ச்சல் விட்டதும் மருத்துவர் சம்மதித்தால், நாற்காலியில் எட்டு முறைக்குப் பதில் நாலு முறையிலிருந்து தொடங்குங்கள்.

மாடியில் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். "கேஸ்தான்" என்று ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துப் படுத்தவர்கள் சிலரை மறுநாள் பார்க்க முடியாமல் போயிருக்கிறது. சர்க்கரை உள்ள பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரும். 108ஐ அழையுங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் எடுப்பவரானால், நாற்காலிப் பயிற்சியில் எழுந்ததும் ஒரு மூச்சு நின்றுவிட்டு அடுத்த முறை உட்காருங்கள்.

உங்கள் மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். அவருக்கு இப்போது இருக்கும் பெரிய ஆபத்து சர்க்கரையும் அல்ல, கொழுப்பும் அல்ல, ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுவது. இடுப்பெலும்பு முறிந்து வந்த எண்பது வயதுக்காரர்களை எழுப்பி நடக்கவைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றியே எழுந்து உட்காரட்டும், நாலு முறை. என் அம்மாவிடம் முதலில் சொன்னபோது "நான் என்ன தோப்புக்கரணம் போடுற பள்ளிக்கூடப் பிள்ளையா?" என்றார். "எனக்கு எண்ணத் தெரியலம்மா, நீ எண்ணு, நான் செய்றேன்" என்று நான் உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாம் நாள் "நீ தப்பாச் செய்யற, நகரு" என்று அவரே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் எண்ணுவதற்கு ஒரு ஆள் இருப்பது உங்களுக்கும் நல்லது. அவர் விசில் சத்தம் கேட்டதும் "என்ன, இன்னிக்கு இல்லையா?" என்று கேட்பார். எந்த மொபைல் ஆப்பும் அப்படிக் கேட்காது.

சாப்பாட்டில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தசை வளரப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல். 60 கிலோ என்றால் 60 கிராம். காலை இரண்டு இட்லி, மதியம் சாதத்தில் ரசம், இரவு உப்புமா என்று போனால் பாதிகூட வராது. முட்டை ஒன்றில் ஆறு கிராம். முட்டை சாப்பிடாத வீடானால் சுண்டல், தட்டைப்பயறு, பருப்பு, தயிர், பனீர். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

டிரெட்மில் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அதன் கைப்பிடியில் துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தில் சிறு பங்கை எடுத்து, நாலு காலும் சரியாகத் தரையில் உட்காரும் ஒரு மர நாற்காலியும், மாடியில் நடக்க குதிகால் பக்கம் பிடிப்புள்ள ஒரு ஜோடி ஷூவும் வாங்கித் தரட்டும். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, டைல்ஸ் தரையில் வழுக்கும். ஷூவைச் சாயங்காலம் கடைக்குப் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் அதன் முழு அளவில் இருக்கும்.